மூன்று பேராக வாருங்கள்

போன கிழமை நீங்கள் நாலு பேரும் சேர்ந்து எழுதிய மின்னஞ்சல் வந்தது. நடனம் சொல்லும் வேலைக்கு இப்போதுதான் வந்திருக்கிறீர்கள்; ஆடத் தெரியாதவர்கள் கூடும் இடத்தில் சொல்வதற்கு லேசான நடனங்களின் பட்டியல் ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். பட்டியலில் என்ன இருக்கிறது? என் அலுமாரிக்குள் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய அட்டைகள் கிடக்கின்றன, அட்டைக்கு ஒரு நடனம். வந்து எடுத்துக்கொண்டு போங்கள். ஆனால் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டே ஒரு கலியாண வீட்டை நான் குழப்பியிருக்கிறேன். அந்தக் கதையையும் சேர்த்துக் கொண்டுபோனால்தான் அட்டைகள் பிரயோசனப்படும்.

இதை உங்கள் வீட்டுக்காரர்களும் எட்டிப் பார்ப்பார்கள் என்பதால் அவர்களுக்கு இரண்டு வரி. கொன்ரா என்பது ஆட்கள் எதிரெதிரே வரிசையாக நின்று, முன்னால் வந்து, பின்னால் போய், கை கோத்து வட்டம் சுற்றி, பிறகு அடுத்த ஆட்களிடம் நகர்ந்து போகிற நடனம். பழகிவிட்டு வரத் தேவையில்லை. அடுத்து என்ன செய்வது என்று ஒருவர் மைக்கில் சொல்லிக்கொண்டே இருப்பார். கியூபெக்காரர் அவரைக் 'கால்லேர்' என்பார்கள். நான் மொன்றியலில் ஒரு சமூக நிலையத்தில் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பாக இருந்தேன். அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்ததுதான் இது. பள்ளிக்கூடம், முதியோர் இல்லம், புதிதாக வந்தவர்களின் பிரெஞ்சு வகுப்பு என்று இருபது வருடம் சொன்னேன்.

எங்கள் சனத்துக்கு இதை விளங்கப்படுத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். 'டான்ஸ் ரீச்சர்' என்று யாரோ சொல்லக் கேட்டு ஒரு அம்மா தட்டத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, மகளையும் சலங்கையையும் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்திவிட்டார்.

"நான் பரதம் படிப்பிக்கிறேல்லை அம்மா," என்றேன்.

"அப்ப என்னத்தைப் படிப்பிக்கிறனீர்?"

"நடக்க."

"நடக்கவோ? அவள் ஒரு வயசிலையே நடந்திட்டாள்!" என்று சொல்லித் தட்டத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் நான் சொன்னது உண்மைதான். நடக்கத் தெரிந்தால் போதும், மிச்சத்தை நாங்கள் சொல்லித்தருவோம்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நாங்கள் எல்லோரும் ஆண் பெண் என்று பிரித்துத்தான் நடனம் சொல்வோம். ஆண்கள் இடது பக்கம், பெண்கள் வலது பக்கம். சோடியாகப் பிடித்துச் சுழன்று முடிக்கும்போது பெண் வலப்பக்கத்தில் வந்து நிற்கவேண்டும். மாறி நின்றால் அடுத்த அசைவில் எல்லோரும் சிக்கிக்கொள்வார்கள். எது ஆண் இடம், எது பெண் இடம் என்ற கதையே தேவைப்படாத நடனங்களும் பெட்டிக்குள் இருந்தன. அவற்றை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்று அடியில் ஒதுக்கி வைத்திருந்தேன். பெரிய ஆட்களுக்கு அதைச் சொன்னால் என் மதிப்புக் குறைந்துவிடும் என்று ஒரு நினைப்பு. அப்போது எனக்கு எடுப்பு கொஞ்சம் கூடத்தான்.

அந்த நேரத்தில்தான் மெலனி என்னைத் தேடி வந்தாள். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை, இங்கேயே வளர்ந்தவள். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாயம் படித்தபோது அங்கே நான் சொன்ன மாணவர் நடனம் ஒன்றில்தான் மத்தியூ என்ற கியூபெக் பொடியனைச் சந்தித்திருக்கிறாள். இப்போது இருவருக்கும் கலியாணம். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

"கலியாணத்திலையும் நீங்கள்தான் சொல்லவேணும் அன்ரி," என்றாள். பிறகு வந்த காரணத்தைச் சொன்னாள். "அப்பா செத்து ரெண்டு வருசம். அதுக்குப் பிறகு அம்மா ஒரு இடத்திலையும் முன்னுக்கு வாறா இல்லை. நிச்சயதார்த்தத்துக்கும் பெரியப்பாவையும் பெரியம்மாவையும் முன்னுக்கு விட்டிட்டு, தான் கதவுக்குப் பின்னாலை நிண்டவா. கேட்டா, நீங்கள் வடிவா இருந்தாக் காணும் எண்டுறா. எனக்கு வேற ஒண்டும் வேண்டாம் அன்ரி. கலியாணத்தண்டைக்கு அம்மா ஒருக்கா என்னோடை ஆடவேணும்."

"அதை நான் பாத்துக்கொள்ளுறன்," என்றேன். சொல்வதற்கு எவ்வளவு சுகமான வசனம் என்று பாருங்கள்.

கலியாணம் ஒரு நவம்பர் மாதச் சனிக்கிழமை. ரொக்ஸ்பரோவில் மாதா கோயிலோடு ஒட்டிய மண்டபம். மத்தியானச் சாப்பாடு முடிந்து இரண்டு மணிபோல நடனத்துக்கு இடம் ஒதுக்கினார்கள். எனக்கு வாத்தியக்காரர் இரண்டு பேர். ஒருவர் அக்கோடியன்காரர், கதிரையில் இருந்தபடியே இரண்டு காலாலும் தாளம் தட்டுவார். மற்றவள் லொங்குய்யிலிருந்து வருகிற வயலின்காரி. நன்றாக வாசிப்பாள், ஆனால் நாக்கு நீளம். நடனம் குழம்பினால் என்னைப் பார்த்து மூக்கால் சிரிப்பாள்.

என்ன நடனம் எடுப்பது என்று முதல் நாள் இரவே முடிவுசெய்து வைத்திருந்தேன். கலியாண வீடு, மாப்பிள்ளையும் பொம்பிளையும் சோடி. ஆகவே சோடி நடனம், சுழற்சியோடு. அட்டையில் 'மிக லேசு' என்று என் கையாலேயே எழுதியிருந்தது. மைக்கைப் பிடித்து, குரலில் தேன் வடிய, "எல்லாரும் சோடி சோடியா வாங்கோ!" என்றேன். பிரெஞ்சிலும் சொன்னேன்.

மாப்பிள்ளை வீட்டார் கலகலவென்று எழும்பி வந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு கதிரையும் அசையவில்லை. ஆம்பிளைகளில் பாதிப் பேர் கார் நிறுத்துமிடத்தில் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் மனைவியைப் பார்க்காமல் முகட்டைப் பார்த்தார்கள். கடைசி வரிசையில் ஓரமாக இருந்த மெலனியின் தாய் பிலோமினா அக்கா எழும்பினார். எனக்குச் சந்தோசம். அவர் சீலையைச் சரிசெய்துகொண்டு நேரே குசினிக்குள் போய்விட்டார். கண்டேன். கண்டும், தேத்தண்ணி பார்க்கப் போகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடனத்தைத் தொடங்கினேன்.

பிறகு நடந்த கூத்தை எப்படிச் சொல்வது! எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் பிடித்துத் தள்ளி எழுப்பிய ஒரு மனுசன், முப்பது வருடம் குடும்பம் நடத்தியவர், சபையில் மனைவியின் கையைப் பிடிக்க வெட்கப்பட்டு, முகம் துடைக்கிற தன்னுடைய லேஞ்சியின் ஒரு முனையை நீட்டினார். அந்த அம்மா மற்ற முனையைப் பிடித்தார். இருவருமாக லேஞ்சியைச் சுற்றினார்கள். அவர்களுக்குப் பின்னால் மத்தியூவோடு வேலை செய்கிற சென்னைப் பொடியன்கள் இரண்டு பேர். சோடி கிடைக்காமல் தாங்களே சோடியாகிவிட்டார்கள்.

"மேடம், இதுல யாரு லேடீஸ்?" என்று ஒருவன் கத்தினான்.

"உங்களுக்குள்ளை முடிவெடுங்கோ!"

"இவன்தான் மேடம், ஹைட் கம்மி."

"டேய், நேத்து சமைச்சது யாரு? அப்ப நீதான்டா," என்றான் மற்றவன். இரண்டு பேரும் அதை விவாதித்து முடிவதற்குள் இசை ஒரு சுற்று ஓடிவிட்டது. "பெண்கள் நடுவாலை போய் இடம் மாறுங்கோ" என்று நான் சொன்னேன். இரண்டு பேரும் போனார்கள். அங்கே லேஞ்சித் தம்பதியும் வந்தார்கள். மத்தியூவின் மாமா ஒருவர் மரியாதையாக வழிவிடப் பின்னுக்கு நகர்ந்து கேக் மேசையில் இடித்தார். கேக் தப்பியது ஆண்டவர் செயல். மூன்றாவது சுற்றில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று எனக்கே தெரியவில்லை. இசையை நிறுத்தினேன்.

எல்லோரும் சிரித்தார்கள், கை தட்டினார்கள், நல்ல சனம். வயலின்காரி மட்டும் குனிந்து, "நீ சொன்னது நடனமா, வரிப் படிவமா?" என்று பிரெஞ்சில் கேட்டாள். கேக் துண்டு கொடுக்கும் வரைக்கும் பத்து நிமிட இடைவேளை என்று அறிவித்துவிட்டு இறங்கினேன். மெலனி முக்காட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"அன்ரி, அம்மா எங்கை?"

அவ்வளவுதான் கேட்டாள். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. பிள்ளை என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. நான் அட்டையைப் பார்த்தேன், மாப்பிள்ளை பொம்பிளையைப் பார்த்தேன், என் கெட்டித்தனத்தைப் பார்த்தேன். அந்த ஒன்றைப் பார்க்கவில்லை.

குசினிக்குள் போனேன். பிலோமினா அக்கா கடதாசிக் கோப்பைகளை வரிசையாக வைத்துத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு பெண்கள் நின்றார்கள். ஒருவர் தட்டுக் கழுவினார், மற்றவர் சபைக்குக் கொடுக்கிற கேக்கை வெட்டிக்கொண்டிருந்தார். கழுவியவரும் கணவனை இழந்தவர் என்றும், வெட்டியவர் கலியாணம் கட்டாமலே இருந்துவிட்டவர் என்றும் கோயில் பழக்கத்தில் எனக்குத் தெரியும். என்னுடைய ஒரு சொல் மூன்று பேரையும் மண்டபத்திலிருந்து கூட்டித் தள்ளியிருந்தது.

"அக்கா, நீங்கள் ஏன் இஞ்சை நிக்கிறியள்? சாப்பாட்டுக்காரர் இருக்கினம்தானே."

"அவங்கள் தேத்தண்ணிச் சாயத்தைக் கெடுத்துப் போடுவாங்கள்," என்றார், கேத்திலை வைக்காமலே.

"டான்ஸ் தொடங்கேக்கை எழும்பினனீங்கள்…"

"சோடி சோடியா வாங்கோ எண்டு கூப்பிட்டீர். நான் ஆரோடை வாறது?" கோபமில்லாமல்தான் சொன்னார். என்னுடைய முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது. "உம்மிலை பிழையில்லை. கலியாண வீட்டிலை அப்பிடித்தானே கூப்பிடுறது."

"ஆரும் ஏதும் சொன்னவையோ?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நான் முன்னுக்கு நிண்டு, பேந்து பிள்ளைக்கு ஏதுமொண்டு நடந்தால் என்ரை மனம் தாங்காது. அதுதான்." அடுத்த கோப்பையை நிரப்பினார். "பாவம், அவளுக்கு விளங்காது. இஞ்சை வளந்த பிள்ளை."

எனக்கு வாய்வரை வந்தது, இதெல்லாம் விசர்க்கதை அக்கா, நீங்கள் பூசைக்குப் போற மனுசி என்று. சொல்லவில்லை. இதைக் கவனமாகக் கேளுங்கள்: இடைவேளை பத்து நிமிடம், அதில் மூன்று போய்விட்டது. மிச்சம் ஏழு நிமிடத்தில் ஒருவருடைய பயத்தை எடுத்துவிட முடியாது. நடனத்தை மாற்றலாம். எங்கள் கையில் இருப்பது அவ்வளவுதான், அதற்குத்தான் எங்களைக் கூப்பிடுகிறார்கள்.

வெளியே வந்தால் மெலனி சீலையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தயாராக நின்றாள். "நான் போய்க் கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு வாறன்."

"வேண்டாம் பிள்ளை. இழுத்தால் வருவா. வந்து நாலடி வைச்சுப்போட்டு, வீட்டை போய் இருந்து அழுவா."

சப்பாத்துப் பெட்டியைத் திறந்தேன். எல்லோரும் கை கோத்துப் பெரிய வட்டம் போடலாம். லேசுதான், ஆனால் வட்டத்தில் ஓர் ஆள் வராவிட்டால் யாருக்கும் தெரியாது, அவர் குசினியிலேயே இருந்துவிடுவார். ஆண் பெண் பார்க்காத இரட்டை வரிசை நடனம் எடுக்கலாம், தாயும் மகளும் எதிரெதிரே நிற்கலாம். ஆனால் அப்போது மாப்பிள்ளையை விலக்கிவிட்டுத் தாய் அந்த இடத்தில் நின்ற மாதிரி ஆகிவிடும். வேறு யாரும் பயப்படாவிட்டாலும் பிலோமினா அக்கா பயப்படுவார். பிரச்சினை ஆண் பெண் மட்டுமில்லை, இரண்டு என்ற கணக்கே பிரச்சினை. அடியில் கிடந்த மூன்றாம் வகுப்பு அட்டைகளைக் கிளறினேன். மூன்று பேர் மூன்று பேராக நிற்கிற நடனம் ஒன்று அங்கே கிடந்தது.

மூன்று பேர் கை கோத்து ஒரு வரிசை. எதிரே இன்னொரு மூன்று பேர். முன்னால் வந்து தலை குனிந்து, பின்னால் போய், ஆறு பேரும் சேர்ந்து வட்டம் இடப்பக்கம், வலப்பக்கம். பிறகு எதிரில் நிற்பவர்களைக் கடந்து நடந்து அடுத்த மூவரிடம் போவது. ஆணுமில்லை பெண்ணுமில்லை, சோடியுமில்லை. யார் எந்த இடத்தில் நின்றாலும் செய்வது ஒன்றுதான். மூன்று பேருக்குள் நிற்கிறவரைப் பார்த்து இவருடைய சோடி எங்கே என்று ஒருவரும் கேட்க முடியாது.

மெலனியிடம் சொன்னேன்: "நீ மாமியாரோடை நில். மூண்டாவது இடத்தை விட்டு வை. ஆர் வந்தாலும் விடாதை." மாமியார் மடாம் லுசி, தனியாக மகனை வளர்த்த பெண்மணி, காலையிலிருந்து பிலோமினா அக்காவோடு சைகையால் கதைத்துக்கொண்டு திரிந்தவர். பிறகு குசினிக் கதவில் தலையை நீட்டி, "அக்கா, அடுத்தது சோடி இல்லை, மூண்டு பேர். மெலனிக்குப் பக்கத்திலை ஓரிடம் இருக்கும். கட்டாயமில்லை," என்று சொல்லிவிட்டு, அவர் பதில் சொல்வதற்கு முன்னரே திரும்பிவிட்டேன். அந்த நேரம் நான் வைத்த பந்தயம் என்னவென்று உங்களுக்கு விளங்குகிறதா? அவர் வராவிட்டால், தன் கலியாணத்தில் முழுச் சபைக்கும் முன்னால் அந்தப் பிள்ளை பக்கத்தில் வெற்றிடத்தோடு நிற்கும். அதற்கு நானே காரணம்.

மைக்கைப் பிடித்தேன். "இந்த முறை மூண்டு பேர் மூண்டு பேரா வாங்கோ. ஆர் ஆரோடையும் வரலாம்." இப்போது கதிரைகள் அசைந்தன. அக்கா தங்கைகள் மூன்று பேர் ஒன்றாக எழும்பினார்கள். சென்னைப் பொடியன்கள் நடுவில் மத்தியூவை இழுத்துக்கொண்டார்கள். எல்லாம் வாய்த்துவிட்டது என்று நினைக்கும்போது மெலனியின் பெரியப்பா எழும்பினார். குடும்பத்துக்கு மூத்தவர். காலையில் பொம்பிளையைக் கோயிலுக்குள் கூட்டிக்கொண்டு வந்தவரும் அவர்தான்.

"தங்கச்சி, நல்ல காரியம் நடக்கிற இடத்திலை மூண்டு பேராய் நிக்கிறதோ? நாங்கள் ஒரு பயணத்துக்கே மூண்டு பேராய் வெளிக்கிடுறேல்லை!"

எழும்பி வந்தவர்கள் பாதி வழியில் நின்றுவிட்டார்கள். எனக்கு இந்த நினைப்பு வரவேயில்லை, பாருங்கள். இரண்டிலிருந்து தப்பி மூன்றில் விழுந்திருந்தேன். வாத்தியக்காரர் இருவரும் என்ன நடக்கிறது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்கள். குசினிக் கதவு திறந்து கிடந்தது. நான் இப்போது என்ன சொன்னாலும் அங்கே கேட்கும்.

"ஐயா," என்றேன் மைக்கிலேயே, "காலமை பூசையிலை சிலுவை அடையாளம் போட்டனீங்களோ?"

"ஓம், போட்டனான். அதுக்கென்ன?"

"எத்தினை பேரின்ரை பெயராலை?"

பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூன்று விரலை மடித்து எண்ணி முதலில் சிரித்தது, பூசை வைத்த பங்குச் சுவாமி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே வந்து பெரியப்பாவின் கையைப் பிடித்து, "வாங்கோ, நாங்கள் ரெண்டு பேர், மூண்டாம் ஆள் ஆர்?" என்றார். லேஞ்சிக்காரர் ஓடி வந்து சேர்ந்துகொண்டார். இந்த முறை லேஞ்சி இல்லை. மூன்று பேரும் வந்து நின்ற இடம் மெலனிக்கும் மடாம் லுசிக்கும் நேர் எதிரே.

எல்லோரும் நின்றாகிவிட்டது. பெரிய வட்டமாகப் பன்னிரண்டு மூவர் வரிசைகள். அதில் ஒன்றில் மட்டும் இரண்டு பேர். கேக் மேசையில் இடித்த மாமா அதைக் கண்டுவிட்டு உதவி செய்யப் பாய்ந்து வந்தார். "நன்றி ஐயா, அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறார்," என்று பிரெஞ்சில் மைக்கில் சொன்னேன். அவர் திரும்பிப் போனார். இப்போது எல்லோரும் அந்த ஆள் எங்கே என்று பார்த்தார்கள்.

எங்கள் தொழிலில் மிகக் கஷ்டமான வேலை பேசாமல் நிற்பதுதான். கையில் மைக் இருக்கும்போது எதையாவது சொல்லிச் சமாளிக்கத்தான் வாய் உன்னும். ஒரு பகிடி விடலாம், பெயர் சொல்லிக் கூப்பிடலாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் அவர் ஒளிந்திருந்தது ஊருக்கே தெரிந்துவிடும். வயலின்காரி, "தொடங்குவோமா?" என்று சீறினாள். தலையாட்டி மறுத்தேன். மெலனி குசினிப் பக்கம் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாதாவே, நான் இந்தப் பிள்ளைக்கு என்ன செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது பெரியப்பா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். எதிரில் இருந்த இடைவெளியைப் பார்த்தார். அவருக்கு ஒரு கை சுவாமியிடமும் மற்றக் கை லேஞ்சிக்காரரிடமும் மாட்டுப்பட்டிருந்தது. பேருந்து பிந்தினால் மனுசர் கத்துவார்களே, அந்தக் குரலில் குசினியைப் பார்த்துக் கத்தினார்:

"பிலோமினா! உதுக்குள்ளை நிண்டு என்ன செய்யிறாய்? ஆறு பேர் வேணுமாம், நாங்கள் இஞ்சை அஞ்சு பேராய் நிக்கிறம். கெதியா வாவன்!"

அவர் எந்தச் சம்பிரதாயத்தையும் யோசித்துக் கூப்பிடவில்லை என்பதை நான் சத்தியம் செய்து சொல்வேன். அந்த மனுசனுக்கு ஆடவேண்டும், ஓர் ஆள் குறைகிறது, அவ்வளவுதான். ஆனால் குசினி வாசலில் பிலோமினா அக்கா வந்து நின்றார். தோளில் தட்டுத் துடைக்கிற துணி. கைகளை அதில் இரண்டு தரம் துடைத்தார். பிறகு முழு மண்டபத்தையும் குறுக்காக நடந்து வந்து மகளுக்கும் மடாம் லுசிக்கும் நடுவில் நின்றார். மெலனி கையை நீட்டினாள். மடாம் லுசி எட்டி அந்தத் துணியை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். நான் வயலின்காரியைப் பார்த்துத் தலையசைத்தேன்.

"முன்னாலை வாங்கோ… பின்னாலை போங்கோ… ஆறு பேரும் வட்டம்…" தமிழில் ஒருதரம், பிரெஞ்சில் ஒருதரம். பிலோமினா அக்கா முதல் வட்டத்திலேயே மற்றப் பக்கம் திரும்பினார். அதனால் ஒன்றும் குழம்பவில்லை, கை கோத்திருப்பவர்கள் தாங்களாகவே இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இந்த நடனங்களின் நன்மையே அதுதான். ஒருவருடைய பிழையை மற்ற ஐந்து பேரும் சேர்ந்து தாங்கிவிடலாம். அக்கோடியன்காரரின் கால்கள் தடதடத்தன. ஒவ்வொரு சுற்றுக்கும் புது மூவர். மாப்பிள்ளையின் உறவுகள், கோயில் சனம், மத்தியூவோடு வந்த சென்னைப் பொடியன்கள். அந்தப் பொடியன்கள் அக்காவுக்குத் தலையைக் குனிந்து, "வணக்கம் ஆன்ட்டி, இதுல லேடீஸ் பிரச்சனையே இல்ல ஆன்ட்டி!" என்று கத்திக்கொண்டு கடந்துபோனார்கள். இரண்டு வருடமாகக் கதவுக்குப் பின்னால் நின்ற மனுசி, அந்த ஒரு நடனத்துக்குள் எதிரே வந்த எல்லோருக்கும் முகம் கொடுத்துவிட்டார்.

ஆறு தரம் நகர்ந்த பிறகு அவர்கள் மூவரும் சுற்றிவந்து பழையபடி பெரியப்பாவின் மூவருக்கு முன்னால் வந்தார்கள். "திரும்பவும் நீயோ?" என்றார் அவர், மூச்சு வாங்க. பிலோமினா அக்கா சிரித்தார். வாயை மூடிச் சிரிக்க அவருக்குக் கை காலியாக இல்லை, ஒரு கையை மகள் பிடித்திருந்தாள், மற்றக் கையை மடாம் லுசி. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். "வட்டம்" என்று சொல்லவேண்டிய இடத்தில் சொல்ல மறந்துபோனேன். ஒருவரும் கவனிக்கவில்லை. அவர்கள் பாட்டுக்கு வட்டம் போட்டார்கள்.

இசை முடிந்தது. மெலனி தாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுது முகப்பூச்சையெல்லாம் கெடுத்துக்கொண்டாள். கை தட்டல் ஓய்ந்து நிமிர்ந்து பார்த்தால் பிலோமினா அக்காவைக் காணவில்லை. குசினிக் கதவு ஆடிக்கொண்டிருந்தது. அட கடவுளே, பழையபடி போய்விட்டாரே என்று நான் மைக்கைக் கீழே வைத்தேன்.

கதவு திறந்தது. பிலோமினா அக்கா வந்தார். ஒரு கையில் தட்டுக் கழுவியவரின் மணிக்கட்டு, மற்றக் கையில் கேக் வெட்டியவரின் மணிக்கட்டு. இருவரும் "ஐயோ, விடும் அக்கா, எங்களுக்கு வேண்டாம்" என்று சிரித்துக்கொண்டே பின்னுக்கு இழுத்தார்கள். அவர் விடவில்லை. நேரே எனக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"இந்தாரும், நாங்கள் மூண்டு பேர். இன்னொருக்காச் சொல்லும்," என்றார். "தேத்தண்ணி வேணுமெண்டவை தாங்களே ஊத்திக் குடிக்கட்டும்."